குரலே முகம்

நுழையும்முன்

நேரில் பேசுவோருக்குச் சொல் மட்டுமன்றி முகமும் கையும் துணை நிற்கின்றன. தொலைபேசியில் அத்துணைகள் இல்லை. குரல் ஒன்றே உண்டு. அந்தக் குரலைக் கொண்டே எதிர்முனையில் இருப்பவர், பேசுபவரையும் அவர் பணியாற்றும் நிறுவனத்தையும் எடைபோடுகிறார். அலுவலகத் தொலைபேசியில் பேசும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தொலைபேசியும் நாகரிகமும்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு தொலைபேசிக்கான காப்புரிமையைப் பெற்றார். 1882ஆம் ஆண்டில் கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கப்பெற்றன. உரையாடலை எச்சொல்லால் தொடங்குவது என்பதே அன்று ஒரு வினாவாக இருந்தது. கடலோடிகள் பயன்படுத்தும் ‘அஹாய்’ என்னும் விளிச்சொல்லைப் பெல் விரும்பினார். தாமஸ் ஆல்வா எடிசன் ‘ஹலோ’ என்பதைப் பரிந்துரைத்தார். எடிசனின் சொல்லே உலகெங்கும் நிலைத்தது.

தொடக்கக் காலத்தில் அமெரிக்க இணைப்பகங்களில் தந்தி நிலையச் சிறுவர்கள் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் சுறுசுறுப்பானவர்கள், ஆயினும் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினர், கேலி செய்தனர். முறையீடுகள் பெருகவே, 1878ஆம் ஆண்டு பாஸ்டன் நகர இணைப்பகத்தில் எம்மா நட் என்னும் பெண்மணி பணியமர்த்தப்பட்டார். அவருடைய இனிய குரலும் பொறுமையும் வாடிக்கையாளர்களைக் கவர்ந்தன. அதன்பின் அப்பணியில் பெண்கள் பெருமளவில் இடம்பெற்றனர். கருவி எத்துணைப் புதுமையானதாக இருப்பினும், அதன் வழியே பேசுபவரின் பண்பே அதற்குப் பயன் சேர்க்கிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இரண்டு நிமிடங்களின் மதிப்பு

மின்மோட்டார் விற்கும் நிறுவனம் ஒன்றிற்கு உழவர் ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார் எனக் கொள்வோம். பயிர் கதிர்விடும் பருவம். கிணற்று மோட்டார் பழுதடைந்துவிட்டது. உதிரிபாகம் ஒன்று உடனே வேண்டும். பணியாளர், “மேலாளர் இல்லை. நாளை பேசுங்கள்” என்று கூறித் தொலைபேசியை வைத்துவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. கடுஞ்சொல் கூறவும் இல்லை. ஆயினும் அழைத்தவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், மோட்டாரின் குதிரைத்திறன் ஆகிய எவற்றையும் அவர் கேட்கவில்லை. கேட்டுக் குறித்திருந்தால் இரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். உதிரிபாகம் அன்று மாலையே பேருந்தில் சென்றிருக்கும். குறிக்காமல் விட்டதால் நிறுவனம் இழந்தது ஒரு விற்பனையை. உழவர் இழக்கக்கூடியதோ ஒரு பருவத்தின் உழைப்பை. தொலைபேசி நாகரிகம் என்பது வெறும் உபசாரச் சொல் அன்று. அது கடமையின் ஒரு பகுதி.

அழைப்பை ஏற்றல்

மணி நீண்ட நேரம் ஒலிக்க விடாமல், இரண்டு மூன்று ஒலிப்புகளுக்குள் எடுத்தல் நன்று. எடுத்தவுடன் வணக்கம் கூறி, நிறுவனத்தின் பெயரையும் தம் பெயரையும் தெரிவிக்க வேண்டும். இதனால், தாம் சரியான இடத்திற்குத்தான் அழைத்திருக்கிறோமா என்னும் ஐயம் அழைத்தவருக்கு நீங்கும். “யாரு? என்ன வேணும்?” என்னும் வினாக்கள் வாயிற்கதவைப் பாதி திறந்து நிற்பதற்கு ஒப்பானவை. “தங்கள் பெயரை அறிந்துகொள்ளலாமா?” என்னும் வினாவோ உள்ளே அழைத்து அமரச் செய்கிறது.

மேலாளர் இருக்கையில் இல்லையெனில், முதலில் அதனைக் கூறிவிட்டுப் பின்னர்ப் பெயரைக் கேட்டல் வேண்டும். பெயரைக் கேட்டறிந்த பிறகு “அவர் இல்லை” என்று சொன்னால், தம் பெயரைக் கேட்டதால்தான் மறுக்கிறார்கள் என்று அழைத்தவர் வருந்த நேரும். செய்தி ஒன்றே, சொல்லும் வரிசை அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

காத்திருக்கச் செய்தல்

கோப்பினைத் தேடவோ பிறரைக் கேட்டறியவோ நேரம் தேவைப்படலாம். அப்போது, “சற்றுக் காத்திருக்க இயலுமா? அல்லது நாங்களே அழைக்கட்டுமா?” என்று கேட்டு, மறுமொழி பெற்ற பின்னரே அழைப்பை நிறுத்திவைக்க வேண்டும். தாமதமானால் இடையிடையே நிலைமையைத் தெரிவிக்க வேண்டும். காத்திருப்பவருக்கு அரை நிமிட அமைதியும் நெடுநேரமாகத் தோன்றும். வேறு பிரிவிற்கு அழைப்பை மாற்றும்போது, யாருக்கு மாற்றப்படுகிறது என்பதை அழைத்தவருக்கும், அழைத்தவரின் தேவையை அப்பிரிவினருக்கும் சொல்லிவிடுதல் முறை. ஒரே குறையை நால்வரிடம் முதலிலிருந்து சொல்லவைப்பது எவரையும் சினங்கொள்ளச் செய்யும்.

கேட்டலும் குறித்தலும்

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்க வல்லது. மரபான தொலைபேசி இணைப்போ ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்துகிறது. ஆகவே, நேரில் தெளிவாகக் கேட்கும் எழுத்தொலிகள் சில தொலைபேசியில் மங்குகின்றன. ‘மதி’ என்று சொன்னது ‘நதி’ என்று செவியில் விழலாம். ‘எழுபது’ ‘அறுபது’ ஆகலாம். ‘பதினேழு’ ‘பதினெட்டு’ ஆகலாம். எழுபது மூட்டை கேட்டவருக்கு அறுபது மூட்டை அனுப்பினால் குறை யாருடையது என்னும் வழக்கு எழும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: “எழுபது, ஏழு, சுழியம்.” குறித்துக்கொண்டதைத் திரும்பப் படித்துக் காட்டி, “சரிதானா?” என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். குறிப்பேடும் எழுதுகோலும் எப்போதும் தொலைபேசியின் அருகில் இருத்தல் வேண்டும். செய்திக் குறிப்பில் அழைத்தவரின் பெயர், எண், அழைத்த நேரம், செய்தி, செய்ய வேண்டிய செயல், குறித்தவரின் பெயர் ஆகிய ஆறும் இடம்பெற வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் குறிப்பு பயனற்றுப் போகலாம்.

சினத்தை எதிர்கொள்ளல்

சினத்துடன் அழைப்பவர் பெரும்பாலும் எதிரில் பேசும் பணியாளரைச் சினப்பதில்லை. தமக்கு நேர்ந்த இடரையே சினக்கிறார். அவர் பேசி முடிக்கும் வரை இடைமறியாது கேட்டல் முதற்படி. கேட்டதைச் சுருக்கி அவரிடமே சொல்லுதல் இரண்டாம் படி; தம் குறை புரிந்துகொள்ளப்பட்டது என்று அறிந்ததும் குரல் தானே தணியும். என்ன செய்யப்படும், எப்போது செய்யப்படும் என்று கூறுதல் மூன்றாம் படி. இயலாததை இயலும் எனக் கூறுதல் அப்போதைய அமைதிக்காக நாளைய நம்பிக்கையை விற்பதாகும். “மாலை நான்கு மணிக்கு அழைக்கிறோம்” என்று கூறினால், செய்தி ஏதும் கிட்டாவிடினும் நான்கு மணிக்கு அழைத்து அதனையேனும் தெரிவித்தல் வேண்டும்.

பணிவும் விழிப்பும்

பணிவு என்பது கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது அன்று. வங்கியிலிருந்தோ அரசு அலுவலகத்திலிருந்தோ பேசுவதாகக் கூறிக் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்போர் உளர். “தங்களைத் திருப்பி அழைக்கிறோம்” என்று கூறி, அவ்வலுவலகத்தின் அறியப்பட்ட எண்ணில் அழைத்து உறுதிசெய்துகொள்வதே தக்கது. உடன் பணியாற்றுவோரின் சொந்தக் கைபேசி எண்ணையும், ஒரு வாடிக்கையாளரின் செய்தியைப் பிறரிடமும், அவர்தம் இசைவின்றித் தருதல் கூடாது.

அழைப்பவரின் கடமை

நாகரிகம் இருமுனைக்கும் உரியது. அழைக்கும் முன் பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். தம்மை அறிமுகம் செய்துகொண்டு, “இப்போது பேசலாமா?” என்று கேட்டல் வேண்டும். உணவு இடைவேளையையும் அலுவலகம் மூடும் நேரத்தையும் தவிர்த்தல் நன்று. தவறான எண்ணிற்கு அழைத்துவிட்டால், பேசாமல் துண்டிக்காது வருத்தம் தெரிவிக்க வேண்டும். இணைப்பு இடையில் அறுந்தால், முதலில் அழைத்தவரே மீண்டும் அழைத்தல் முறை. உரையாடல் முடியும்போது, முடிவானவற்றை ஒருமுறை தொகுத்துக் கூறி, நன்றி சொல்லி, ஓசையின்றித் தொலைபேசியை வைக்க வேண்டும்.

குரலும் தூதும்

திருக்குறளில் ‘இனியவை கூறல்’, ‘தூது’ ஆகியவை தனித்தனி அதிகாரங்களாக உள்ளன. அலுவலகத் தொலைபேசியில் பேசுபவருக்கு இவ்விரண்டும் வேண்டும். அவர் நிறுவனத்தின் தூதர். அதே வேளையில் எதிர்முனையில் இருப்பவரின் தேவையை நிறுவனத்திற்குள் எடுத்துச்செல்லும் தூதரும் அவரே. இனிய சொல் முதற்பணிக்கு உதவும்; கருத்தூன்றிக் கேட்கும் செவி இரண்டாம் பணிக்கு உதவும். இவ்விரண்டையும் மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்வோர், எப்பணியில் அமர்ந்தாலும் நம்பத்தகுந்தவர் எனப் பெயர் பெறுவர்.

கற்பவை கற்றபின்

1. மாணவர் இருவர் பணியாளராகவும் வாடிக்கையாளராகவும் இருந்து, பொருள் வராததைப் பற்றிய தொலைபேசி உரையாடலை வகுப்பறையில் நிகழ்த்துக.

2. அவ்வுரையாடலைக் கேட்டு, ஆறு கூறுகளும் அமைந்த செய்திக் குறிப்பு ஒன்றை எழுதுக.