இருமொழி மனமும் ஆயர் பணியும்

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த டி. கல்லுப்பட்டியின் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு. வாசற்படியைத் தாண்டியதும் அவர்கள் மொழி மாறிவிடுகிறது. காண்பதற்கு எளிதான இம்மாற்றத்தின் பின்னே மனம் ஆற்றும் பணி பெரிது.

பேச்சைப் புரிந்துகொள்ள நினைவு வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியிலேயே வருகிறது. அதுவரை கேட்பவர் முன்வந்த சொற்களை மனத்தில் ஏந்தியிருக்க வேண்டும். இவ்வாற்றலை அலன் பேட்லியும் கிரகாம் ஹிச்சும் 1974இல் 'செயல்நினைவு' என்னும் கோட்பாட்டால் விளக்கினர். இருமொழியாளருக்கோ மற்றொரு வேலையும் உண்டு. ஒரு மொழியைப் பேசும்போது மற்றது உறங்கிவிடுவதில்லை. இரண்டும் விழித்திருக்க, அவ்வேளைக்கு வேண்டாததை மனம் அடக்கி வைக்கிறது. இதனையே மனக்கட்டுப்பாடு என்கிறோம்.

இப்பயிற்சியால் முதுமையில் பயனுண்டோ? ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழியாளருக்கு அந்நோய் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதித்தே தோன்றிற்று. எழுத்தறியாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பிற ஆய்வுகள் அனைத்தும் இதனோடு உடன்படவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

ஆயினும் ஆயர் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மறதிநோய் முற்றும்போது, ஆளுக்கேற்ற மொழியைத் தெரிந்தெடுக்கும் கட்டுப்பாடும் சிலரிடம் தளர்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த ஆயரிடம் மூதாட்டி ஒருவர் தெலுங்கில் பேசத் தொடங்கலாம். அதனைப் பிதற்றல் என்றோ விசுவாசத் தளர்ச்சி என்றோ நாம் கருதிவிடக் கூடாது. தளர்ந்தது மொழியைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல். அவர் இறைவனை மறந்தார் என்பதற்கு அது சான்றன்று.

அத்தகையோரைச் சந்திக்கச் செல்லுமுன், அவர் எம்மொழியில் செபிக்கக் கற்றார் என வீட்டாரிடம் கேட்டறிதல் நன்று. அம்மொழியில் பரமண்டல செபத்தை வீட்டார் சொல்ல, நாம் உடனிருக்கலாம். யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவரின் சொல்லை மாற்கு அரமேயத்திலேயே காத்துத் தந்தார். பெந்தெகொஸ்தே நாளிலும் மக்கள் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். வழிபாட்டு மொழியை மறந்தவரும் திருச்சபையின் உறுப்பினரே. அவருக்காக நினைவில் வைத்திருப்பது சபையின் கடமை.