முன்னால் போகிறவரின் கழுத்து

மாலை ஆறு மணிக்கு மேல் திருச்சி காவிரிப் பாலத்தில் அடிக்கடி நடப்பதுதான். மாம்பழச்சாலை முனையில் நெரிசல். ஸ்ரீரங்கம் போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் குறைத்து நிற்கின்றன. வரிசையின் கடைசியில் நிற்கும் காரின் முதுகில் இன்னொரு கார் வந்து இடிக்கிறது. பெரிய வேகம் இல்லை, இருபது கிலோமீட்டர் இருக்கலாம். இரண்டு பேரும் இறங்குகிறார்கள். "போனைப் பாத்துக்கிட்டே வந்தீங்களா சார்?" "ஒரு செகண்டுதான் சார், அதுக்குள்ள…" பம்பரைத் தடவிப் பார்க்கிறார்கள். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்து விரட்டுகிறது. ஆயிரமோ இரண்டாயிரமோ கைமாறும். இல்லையென்றால் "பரவாயில்ல, போங்க" என்பதோடு முடிந்துவிடும்.

கழுத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இடிபட்டவருக்கே அந்த நேரத்தில் அங்கே வலி தெரிவதில்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போதுதான் கழுத்து திரும்ப மறுக்கிறது. பிடரியிலிருந்து தோள்வரை இறுகிக் கிடக்கிறது, தலை பின்பக்கமாக விண்விண்ணென்று தெறிக்கிறது. இடித்தவருடைய போன் நம்பர்கூட அதற்குள் கையில் இல்லை.

இந்தக் காயத்தை ஆங்கிலத்தில் விப்லாஷ் என்பார்கள். இடியில் காரின் இருக்கை முன்னோக்கித் தள்ளப்படுகிறது, அதில் சாய்ந்திருக்கும் முதுகும் அதோடு போகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. சத்திரம் பஸ் நிலையத்தில் டிரைவர் வண்டியை வெடுக்கென்று எடுக்கும்போது, கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்வது இதே விதியால்தான். நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள தலைக்கும், முன்னால் பாய்ந்துவிட்ட உடம்புக்கும் நடுவில் ஏழு சிறிய எலும்புகள் மாட்டிக்கொள்கின்றன.

கழுத்து பின்பக்கமாக மடங்குவதால்தான் இந்தக் காயம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1990களில் அந்த நம்பிக்கை மாறியது. இந்தியாவில் பொறியியல் படித்து, சுவீடனில் ஆய்வுப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்தவர் மனோகர் பஞ்சாபி. அவரும் சக ஆய்வாளர்களும், இறந்தவர்கள் தானமாகத் தந்த கழுத்தெலும்புகளை வைத்து இந்த இடியைச் செய்து பார்த்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். இடி விழுந்த முதல் கணங்களில் கழுத்து ஒரே திசையில் மடங்குவதில்லை. கீழ்ப்பாதி பின்னோக்கியும் மேல்பாதி முன்னோக்கியும் வளைந்து, ஆங்கில எழுத்து எஸ் போல ஆகிறது. அந்த நிலையில் கீழ்க்கழுத்தின் எலும்புகள் தங்கள் இயல்பான எல்லையைத் தாண்டித் திறந்துகொள்கின்றன. எலும்புகளின் பின்பக்கம் இரு புறமும் நகத்தளவில் சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள உறை இழுபடுவதும் நசுங்குவதும் அப்போதுதான்.

இதெல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. தசை இடியை உணர்ந்து விசை திரட்டிக் கழுத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு அந்த நேரம் போதாது. எவ்வளவு உடற்பயிற்சி செய்தவராக இருந்தாலும், இடி வருவது தெரியாமல் நிற்பவரின் தசை பிந்தித்தான் வந்து சேரும். முன்னால் நிற்பவர் தன் கழுத்துக்காகச் செய்யக்கூடியது அந்தக் கணத்தில் எதுவுமே இல்லை. பின்னால் வருகிறவரின் கண் எங்கே இருந்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. சாலையில் இதைவிடப் பெரிய அநீதி எனக்குத் தெரிந்து குறைவு. போனைப் பார்த்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் சாய்ந்து, சீட் பெல்ட்டில் தாங்கப்பட்டு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் இறங்கிவிடுகிறார். பார்க்காதவர் மாதக்கணக்கில் வலியோடு நடமாடுகிறார்.

அந்த வலியை நம்புகிறவர்களும் குறைவு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும் பல நேரம் தெரியாது. வீட்டில் உள்ளவர்களே "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் போக்டக் குழுவினர் 1990களில் இதற்கு நேரான ஒரு வழி கண்டார்கள். அந்தச் சின்ன மூட்டுகளுக்குப் போகும் நுண்ணிய நரம்பை ஊசி மருந்தால் மரக்கச் செய்தார்கள். எந்த மருந்து போடப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியாதபடியே சோதனை நடந்தது. நாள்பட்ட வலியோடு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மருந்து வேலை செய்யும் நேரம்வரை வலி போய்விட்டது. வலிக்கு உடம்பில் ஓர் இடம் இருக்கிறது, படக்கருவிதான் அதைக் காண முடியாமல் இருக்கிறது. பெண்கள் இந்தக் காயத்துக்கு ஆண்களைவிட அதிகம் ஆளாகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அப்படியிருந்தும் சோதனைக்கூடங்களில் கார் இருக்கையில் உட்கார வைக்கப்பட்ட பொம்மை நெடுங்காலமாக ஆணின் அளவில்தான் இருந்தது. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு, சராசரிப் பெண்ணின் உடலமைப்பில் செய்த பின்மோதல் பொம்மையை உலகுக்குக் காட்டியது 2022-ல்தான்.

கழுத்தைக் காப்பதற்கென்றே காரில் ஒரு பொருள் இருக்கிறது. ஹெட்ரெஸ்ட் என்று சொல்லி, தூங்கும்போது தலை சாய்க்க வைத்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தலைச்சாய்வுதான். அமெரிக்காவில் 1969 தொடக்கத்திலிருந்து புதிய கார்களின் முன் இருக்கைகளில் அது கட்டாயமானது, முழுக்க முழுக்க இந்தக் காயத்துக்காக. 1990களின் பிற்பாதியில் சாப், வால்வோ நிறுவனங்கள் இடி விழுந்த கணத்தில் தலைச்சாய்வோ இருக்கையோ தானே நகர்ந்து தலையைத் தாங்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தன. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அந்த ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உயரத்தை மாற்றும் பொத்தான் பல கார்களில் இருக்கிறது. தலைச்சாய்வோ ஷோரூமிலிருந்து வந்த நாள்முதல் அடியோடு அழுந்திய நிலையிலேயே கிடக்கிறது. அந்த உயரத்தில் அது தலையைத் தாங்காது, பிடரிக்குக் கீழே நின்று கழுத்து அதன் மேல் மடங்க இடம் கொடுக்கும். மேல்விளிம்பு காதின் மேல்நுனிக்குக் கீழே போகக் கூடாது, உச்சந்தலைக்குச் சமமாக இருந்தால் மிக நல்லது. பின்தலைக்கும் அதற்கும் மூன்று நான்கு விரல்கடைக்கு மேல் இடைவெளி வேண்டாம். முதுகுக்கு இதமாக இருக்கட்டும் என்று தடித்த குஷனை வாங்கிச் சாய்ந்துகொள்கிறவர்கள் இந்த இடைவெளியைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே கற்றுத்தர வேண்டிய பாடம் இது. கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

இனி அந்த "ஒரு செகண்ட்". நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினோரு மீட்டர் கடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது யாரிடமிருந்து என்று பார்த்து, ஒரு வரி படித்து, கண்ணைத் தூக்க ஒரு நொடி போதாது. ஐந்து நொடி என்றால் ஐம்பத்தைந்து மீட்டர், முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைக் கவனித்த ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. சாலையிலிருந்து இரண்டு நொடிக்கு மேல் கண்ணை எடுத்தால் விபத்தோ மயிரிழைத் தப்பலோ நேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அது காட்டியது.

திருச்சியில் கண்ணை இழுக்க போன்தான் வேண்டும் என்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி இரு கரையும் தொட்டு ஓடும் நாளில் இந்தப் பாலத்தின் மேல் போகிறவர்களைப் பாருங்கள், பாதிப் பேரின் முகம் ஆற்றுப் பக்கம் இருக்கும். ஒரு பக்கம் மலைக்கோட்டை, மறுபக்கம் 236 அடி உயர ராஜகோபுரம். வெளியூரிலிருந்து முதல்முறை வருகிறவர் பார்க்காமல் எப்படி இருப்பார்? நானும் பார்க்கிறேன், பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஓட்டும்போது அல்ல. 1976-ல் கட்டப்பட்ட இந்தப் பாலம், தேய்ந்துபோன தாங்கிகளையும் இணைப்புகளையும் மாற்றுவதற்காக 2022 செப்டம்பர் முதல் மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறந்தது. அதற்கு முன் தளங்கள் சேரும் ஒவ்வோர் இணைப்பிலும் முன்வண்டி திடீரென்று பிரேக் போடும். பின்னால் வருகிறவர் விழிப்பாக இல்லையென்றால் அந்த இடம் போதும்.

கண் சாலையில் இருந்தாலே போதும் என்று நினைப்பதும் தவறு. காதில் புளூடூத் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள், கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறார்கள். 1997-ல் கனடாவின் டொராண்டோவில் ரெடல்மயர், டிப்ஷிரானி இருவரும் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காத போனால் அது குறைந்ததற்கு அடையாளமே இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டிரேயர் அதன் காரணத்தைத் தேடினார். பேச்சில் மூழ்கியவரின் கண், எதிரே இருப்பதன் மேல் விழுகிறது, ஆனால் மூளை அதை வாங்கிக்கொள்வதில்லை. பிறகு கேட்டால் அப்படி ஒன்றைப் பார்த்ததாகவே நினைவில்லை. பேச்சுக் கட்டளையில் காரின் கருவியை இயக்கியவர்களுக்கு, வேலை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடிவரை ஆகலாம் என்று 2015-ல் அவர் குழு கண்டது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர், காவிரிப் பாலத்தில் பாதிக்கு மேல். மாசி, சித்திரை மாதங்களில் சமயபுரத்துக்கு இரவெல்லாம் நடக்கும் பக்தர்கள் நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் வரிசையாகப் போகிறார்கள். போனை வைத்துவிட்ட பின்னும் மனம் திரும்பாமல் இருக்கும் அந்த 300 மீட்டருக்குள் எத்தனை பேர் நடப்பார்கள் என்று ஓட்டுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2022-ல் இந்தியாவில் போன் பேசியபடி ஓட்டியதால் 3,395 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த ஆண்டின் மொத்தச் சாவு 1,68,491. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. போனின் பங்கு இவ்வளவு சிறியதா என்று கேட்கத் தோன்றும். எழுபது சதவீதத்துக்கு மேல் 'அதிவேகம்' என்றே பதிவாகியிருக்கிறது. மோதிய கணத்தில் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை, அவரும் சொல்லப்போவதில்லை. நாட்டின் விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னால் வந்து இடித்தவை. கவனம் சிதறினால் முதலில் நடப்பது அந்த வகை மோதல்தான். கழுத்துவலியோ இந்தக் கணக்கு எதிலுமே தனியாக இல்லை. போலீஸ் வரை போனால் அது 'சிறுகாயம்', பெரும்பாலும் அங்கே போவதும் இல்லை. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

கார் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஊரின் சாலை இரு சக்கர வண்டிகளுடையது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, அல்லது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக் கழுத்தை ஒருக்களித்தபடி தில்லைநகர்ச் சாலைகளில் போகிறவர்களை நாள்தோறும் பார்க்கலாம். விழும்போது கழுத்து ஏற்கெனவே ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை கிழிகிறது, சில நேரம் வேரோடு பிடுங்கப்படுகிறது. உயிர் பிழைத்த இருபது வயதுப் பையனின் ஒரு கை தொங்கிப்போய்விடுகிறது. நம் அரசு மருத்துவமனைகளின் நரம்பு மருத்துவர்களுக்கு மிகவும் பழகிப்போன காயம் இது. எலும்பு உடைந்து உள்ளிருக்கும் தண்டுவடம் நசுங்கினால் கை, கால் இரண்டும் போகும். ஆனால் தண்டுவடம் அடிபட்டதோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது அவரால்தான்.

இடிபட்ட மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டால் நாம் உடனே ஓடுவது சுளுக்கு எடுப்பவரிடம். எண்ணெய் போட்டு நீவி, கடைசியில் தலையைப் பிடித்து ஒரு திருப்பு. சலூனில் முடி வெட்டிய கையோடு படக்கென்று சொடுக்குவதும் அப்படித்தான். விபத்துக்குப் பிறகு இதைச் செய்துகொள்ளவே வேண்டாம். கழுத்தின் நடு எலும்பை அழுத்தினால் வலி, கையில் மதமதப்பு அல்லது பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்படாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவும் கூடாது. இவையெல்லாம் இல்லாத சாதாரண விப்லாஷுக்கு, வாரக்கணக்கில் பட்டை மாட்டிக் கழுத்தை அசைக்காமல் வைக்கும் பழைய வழக்கத்தை இன்றைய மருத்துவம் விட்டுவிட்டது. வலி தாங்கும் அளவுக்கு மெதுவாகத் திருப்பி, அன்றாட வேலையைத் தொடர்கிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

சாலையில் விழுந்து கிடப்பவரின் கழுத்தைக் காப்பது பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. நம் மக்களுக்கு இரக்கம் அதிகம், ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிடுவார்கள். உடைந்த எலும்பு உள்ளே நகர்ந்து தண்டுவடத்தை அறுப்பது சில சமயம் அந்தத் தூக்கலில்தான். வண்டியில் தீப்பிடிக்கவில்லை, மூச்சு வருகிறது என்றால், அவர் தலைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டை இழுக்காதீர்கள், முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். வெளிமாநிலத்தவருக்கும் அது உண்டு. உதவியவரின் பெயரையும் முகவரியையும் போலீஸ் வற்புறுத்திக் கேட்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன.