ஒரு கடைக்கு ஒரு பேரேடு. ஒரு லேப்டாப்புக்கு ஒரு விண்டோஸ்



ஒரே கடையில் இரண்டு பேரேடு வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் எழுதினால் ஆண்டு முடிவில் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே தவறை நாம் அறியாமலே லேப்டாப்பில் செய்துகொண்டிருக்கக் கூடும். விருதுநகரில் பருப்பு, மல்லி மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் செய்தோம். பட்டதைச் சொன்னால் மற்றவர்க்கு உதவும் என்று எழுதுகிறோம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கப்பட்டு முதல் ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஆக இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. பிள்ளைகள் படிப்பை முடித்ததும் அவற்றில் பல நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் பில் போடுவதும் அதில்தான் என்றாயிற்று.

எங்கள் கடைக்கும் அப்படி ஒன்று வந்தது. வேகம் குறைந்ததும் ரிப்பேருக்குக் கொடுத்தோம். பழையதை அழிக்காமல் அதன் மேலேயே விண்டோஸ் 7-ஐ மறுபடி போட்டார்கள். பின்னர் வேறொருவர் டிஸ்க்கின் இன்னொரு பகுதியில் விண்டோஸ் 10-ஐப் போட்டு, கணக்கையும் அங்கே நகல் எடுத்து வைத்தார். பழைய சிப்பத்தை இறக்காமல் புதுச் சிப்பத்தை மேலே அடுக்கிய கிடங்கு போல ஆயிற்று.

லேப்டாப்பைப் போட்டால் திரையில் விண்டோஸ் 10, விண்டோஸ் 7 என்று இரண்டு பெயர்கள் வரும். அரை நிமிடம் யாரும் தொடாவிட்டால் 10 தானாகத் திறக்கும். பழகிய கணக்குப்பிள்ளை 7-ஐத் தேர்ந்தெடுப்பார். புதிதாக வந்த பையன் தானாகத் திறந்ததில் பில் போடுவான். விளைவு, ஒரே பில் எண் இரண்டு பார்ட்டிகளுக்குப் போயிருப்பதை ஆடிட்டர் கண்டுபிடித்தார். ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம் என்பது விதி. அதைவிட, ஒரு பக்கத்து விற்பனை ரிட்டர்னில் ஏறவே இல்லை. தாமதமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி!

சிவகாசியில் அச்சகக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் ஒரு தம்பியை அழைத்தோம். அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, எதையும் அழிக்கச் சொல்லாதீங்க. மொதல்ல நகல் எடுப்போம்." லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றைச் செருகி அதன் வழியாக லேப்டாப்பைத் திறந்தார். அப்போதுதான் தெரிந்தது: வெளியே தெரிந்த பெயர் இரண்டு, உள்ளே இருந்தவை நான்கு. முதல் விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் கிடந்தது. பாஸ் லினக்ஸ் தன் அறையில் வாசல் அடைபட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு குழப்பத்தையும் விளக்கினார். ஒவ்வொரு விண்டோஸும் தான் இருக்கும் பகுதியைத்தான் 'சி' என்று காட்டுமாம். மற்றது 'டி' ஆகிவிடும். 'கணக்கு சி-யில் இருக்கிறது' என்று ஆளுக்கு ஆள் சொன்னதெல்லாம் வேறு வேறு இடம்! இரு கணக்குகளையும் அருகருகே வைத்து, விடுபட்ட பில்களைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு இரவுகள் ஆயின. பிறகே டிஸ்க்கைத் துடைத்து ஒரே விண்டோஸ் போட்டார்.

இதே நிலையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. எல்லாப் பகுதிகளிலும் உள்ள கணக்கை முதலில் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். டாலியில் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறையில் இருக்கும். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

2. டாலி லைசென்ஸ் இருந்தால், துடைக்கும் முன் அதை 'சரண்டர்' செய்யுங்கள்.

3. 'எம்எஸ்கான்ஃபிக்' மூலம் பட்டியலில் பெயரை நீக்கினால் பெயர்தான் போகும்; சரக்கு உள்ளேயே இருக்கும்.

4. லினக்ஸின் தொடக்கப் பட்டியல் இன்னும் வருகிற லேப்டாப்பில் லினக்ஸ் பகுதியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். வாசலைத் திறக்கும் 'கிரப்' அதற்குள் இருக்கிறது. அழித்தால் விண்டோஸும் திறக்காது.

5. பழைய விண்டோஸை 10-க்கு மேம்படுத்தினால், 'விண்டோஸ்.ஓல்டு' 10 நாட்களில் தானாக நீக்கப்படும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான பாதுகாப்பு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் 11 ஏறாது. ஆகவே புது லேப்டாப்புக்கு மாறும் நேரத்தில் பலருக்கும் இந்தச் சிக்கல் வரும். வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எங்கே வாங்குவது?

தீபாவளிப் பட்டாசுக் கணக்கும், பண்டிகைப் பலசரக்குக் கணக்கும் குவியும் முன்பே, ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நம் லேப்டாப்பைத் திறந்து பார்ப்போம். எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணுவோம். ஒன்றுக்கு மேல் இருந்தால், அன்றே நகல் எடுப்போம்.