"உனக்கு எத்தனை மணி நேரம் வலி?"

போன மாசம் சித்தி பொண்ணோட குழந்தைக்குத் தொட்டில் போட்டாங்க. சாப்பாடு முடிஞ்சு பெண்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்ததும், பேச்சு வழக்கம்போல பிரசவத்துக்குப் போனது.

"எனக்கு மூணு நாள் வலி. நாலாவது நாள் விடியக்காலைலதான் இவன் பொறந்தான்" என்றார் பெரியம்மா. "எனக்கு ஆஸ்பத்திரி வாசப்படி ஏறினதுதான் தெரியும், அரை மணி நேரத்துல கையில கொடுத்துட்டாங்க" என்றார் அத்தை. அப்புறம் குழந்தை பெற்றவளைப் பார்த்து ஒருத்தர், "உனக்கென்ன, ஆபரேஷன். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், பிள்ளைக்குப் பால் கொடுக்கணும்னு எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினாறு மணி நேரம் வலியில் கிடந்த பிறகுதான் அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒருத்தியின் பிரசவத்தை இன்னொருத்தியோடு ஒப்பிட முடியுமா? முடியும் என்றால், எதை வைத்து? புரிந்த வரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் மணிக்கணக்கு. பெரியம்மா "மூணு நாள்" என்று சொல்லும்போது, விட்டு விட்டு வந்த முதல் இடுப்பு வலியிலிருந்து எண்ணுகிறார். அத்தை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எண்ணுகிறார். மருத்துவர்களின் கணக்கு இரண்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கர்ப்பவாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வலியின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு 'இத்தனை மணி நேரம்' என்று அளவே கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும். தீவிரக் கட்டம் தலைச்சன் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. பெரியம்மா சொல்வது தலைச்சன் பிள்ளையை, அத்தை சொல்வது மூன்றாவது பிள்ளையை. இது பந்தயம் என்றால், இரண்டு பேரும் ஓடியது ஒரே மைதானத்தில்கூட இல்லை!

டாக்டர்களுக்கே இந்தக் கணக்கில் சிக்கல் இருந்தது. 1955-ல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன், முதல் பிரசவத்துக்கு வந்த 500 பெண்களைக் கவனித்து, கர்ப்பவாய் எவ்வளவு வேகத்தில் திறக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டார். பிறகு 'மணிக்கு 1 செ.மீ.' என்பது லேபர் வார்டுகளில் ஒரு விதி மாதிரியே ஆகிவிட்டது. அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் காரணம் காட்டி ஆபரேஷனுக்குப் போகக் கூடாது என்று சொன்னதும் அதே 2018 வழிகாட்டுதல்தான்.

அடுத்தது 'நார்மலா, ஆபரேஷனா' என்ற கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. இத்தனை பேரை 'ஆபரேஷன்' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். தேதி குறித்து, வலி வருவதற்கு முன்பே போனவளும் அதில் உண்டு. நாள் முழுக்க வலி தாங்கி, குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததும் அவசரமாகப் போனவளும் உண்டு. இரண்டாமவள் இரண்டு வலியையும் பார்த்தவள். தையல் போட்ட வயிற்றோடு எழுந்து பிள்ளையைத் தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, வலியின் அளவையாவது ஒப்பிடலாமா? நினைவு ஒத்துழைக்க வேண்டுமே. ஸ்வீடனில் உல்லா வால்டன்ஸ்ட்ரோம் குழுவினர், பிரசவமான இரண்டு மாதத்திலும் ஐந்து வருஷம் கழித்தும் அதே பெண்களிடம் வலியைப் பற்றிக் கேட்டார்கள். 2009-ல் முடிவுகள் வந்தன. ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நினைவில் இருந்த வலி குறைந்திருந்தது. ஆறில் ஒருவருக்கு அது கூடியிருந்தது. பிரசவத்தை மொத்தத்தில் மோசமான அனுபவமாக உணர்ந்தவர்களுக்கு வலியின் நினைவு மங்கவில்லை. 'பிள்ளை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்'னு சொல்றது எல்லாருக்கும் நடப்பதில்லை.

அப்படியானால் எது தங்குகிறது? அமெரிக்காவில் பிரசவ வகுப்புகள் நடத்திய பென்னி சிம்கின், தன்னிடம் படித்த 20 பெண்கள் பிரசவம் முடிந்த கையோடு எழுதிய குறிப்புகளை வைத்திருந்தார். 15 முதல் 20 வருஷம் கழித்து அவர்களிடம் மறுபடி கேட்டார். டாக்டரும் நர்ஸும் என்ன சொன்னார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் பலருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. கனடாவின் எலன் ஹாட்நெட் 2002-ல் 137 ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரு பெண் தன் பிரசவத்தை நல்லபடியாக நினைப்பதற்கு நான்கு விஷயங்கள் முக்கியம் என்று கண்டார்: அவள் எதிர்பார்த்தது, கூட இருந்தவர்கள் தந்த ஆதரவு, அவர்களோடு இருந்த உறவு, முடிவெடுப்பதில் அவளுக்கு இருந்த பங்கு. வலியின் செல்வாக்கு இந்த நான்கின் அளவுக்கு இல்லை.

வலியில் ஒரு துணை பக்கத்திலேயே இருந்தால் சிசேரியன் குறைகிறது, கசப்பான நினைவும் குறைகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்க வீட்டில் யாராவது மாசமாக இருந்தால், இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பிரசவக் கதைகளைப் பேசுவதில் தப்பே இல்லை. பேசத்தான் வேண்டும். கேள்வியைத்தான் மாற்றணும்.

போன வாரம் அவளுக்குப் போன் பண்ணினேன். "உன்னை அங்க எப்படி நடத்தினாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கையெழுத்து வாங்கினாங்கக்கா. ஏன் ஆபரேஷன்னு யாருமே சொல்லல. நான்தான் சரியா முக்கலையோன்னு இன்னும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததால் ஆபரேஷன் என்று எழுதியிருந்தது. "அப்போ நான் முக்காததால இல்லையா?" என்றாள். "இல்லடி" என்றேன். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் விவரமாகக் கேட்கவும், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைக்கவும் சொன்னேன். அடுத்த பிரசவத்தில் நார்மலுக்கு முயற்சி செய்யலாமா என்று முடிவு செய்ய, இந்த ஆபரேஷனின் காரணமும் கர்ப்பப்பையில் எந்த இடத்தில் கீறினார்கள் என்பதும் டாக்டருக்குத் தேவைப்படும்.

அப்புறம் அவள் கேட்டாள், "உனக்கு எப்படி இருந்துச்சுக்கா?" நாற்பது நிமிஷம் பேசினோம்.