குடி வந்தால் பணம் தரும் மலைக் கிராமம்!

வீடு வாங்க வேண்டும் என்றால் நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் வீடு வாங்கிக் குடி வருகிறவருக்கு ஊரே பணம் கொடுத்தால் எப்படி இருக்கும்?

அப்படியும் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் ஆல்பினன். சுவிட்சர்லாந்து நாட்டின் மலைப் பகுதியில், வாலே மாநிலத்தில் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம் அது.

கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைச் சரிவில் இருக்கிறது ஆல்பினன். கீழே பள்ளத்தாக்கில் ரோன் நதி ஓடுகிறது. எதிரே பனி மூடிய சிகரங்கள். வீடுகள் பலவும் மரத்தால் ஆனவை. பல காலமாக வெயில் பட்டுப் பட்டு, அந்த மரங்கள் கருத்துப் போயிருக்கின்றன.

அந்தப் பகுதியில் தானியம் சேமிக்கும் மரக் குதிர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கால்கள் மீது நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக் கல் ஒன்று வைத்திருப்பார்கள். எலி ஏறி வந்தால் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. தானியம் தப்பிவிடும்!

ஏணி ஏறிப் போன மக்கள்

மலை வாழ்க்கை பார்க்க அழகு. வாழ்ந்து பார்த்தால் கடினம்.

பக்கத்து ஊர் லாய்க்கர்பாத். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போன ஊர். முன் காலத்தில் ஆல்பினன் மக்கள் அங்கே குறுக்கு வழியில் போக வேண்டுமானால், பாறையில் சாத்தி வைத்த மர ஏணிகளில் ஏறித்தான் போக வேண்டும். ஒன்று இரண்டு அல்ல, எட்டு ஏணிகள்! சுமையோடு அதில் ஏறுவார்கள். கால் தவறினால் கீழே பாதாளம். அந்த ஏணி வழி இன்றும் இருக்கிறது. இப்போது உல்லாசப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள்.

இப்போது ரோடு இருக்கிறது. பஸ் வருகிறது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆட்கள்தான் இல்லை!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை

படித்த பிள்ளைகள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஊரில் 240 பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். அவர்களில் பலர் வயதானவர்கள்.

பிள்ளைகள் குறைந்ததால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். இருந்த சில குழந்தைகள் தினமும் பஸ் ஏறி மலையை விட்டுக் கீழே இறங்கிப் படித்து வந்தார்கள்.

ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் மூடினால் என்ன ஆகும்? குழந்தை உள்ள குடும்பம் குடி வராது. குடும்பம் வராவிட்டால் கடைக்கு வியாபாரம் இல்லை. கடையும் மூடினால் இருப்பவர்களும் மூட்டை கட்டுவார்கள். இப்படித்தான் ஓர் ஊர் மெல்ல மெல்லக் காலியாகிறது.

இதைக் கண்டு ஆல்பினன் இளைஞர்கள் கவலைப்பட்டார்கள். குடி வருகிறவர்களுக்கு ஊரே பண உதவி செய்ய வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஊர்க் கூட்டம் நடந்தது. ஓட்டு எடுத்தார்கள். பெரும்பான்மையோர் “சரி” என்றார்கள்.

எவ்வளவு பணம்?

பெரியவர் ஒருவருக்கு 25,000 பிராங்க். குழந்தை ஒன்றுக்கு 10,000 பிராங்க். கணவன், மனைவி, 2 குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மொத்தம் 70,000 பிராங்க். ஒரு பிராங்க் 100 ரூபாய்க்கும் மேல். அப்படியானால் 70 லட்சம் ரூபாய்க்கும் மேல்!

இந்தச் செய்தி உலகம் எங்கும் பரவியது. “போனாலே பணம்” என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பல நாடுகளிலிருந்து விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஊர் அலுவலகம் திணறிப் போனது. “இது சும்மா கொடுக்கும் பணம் அல்ல” என்று விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.

ஏனென்றால் நிபந்தனைகள் கடுமையானவை:

வருகிறவர் 45 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து குடிமகனாக இருக்க வேண்டும். அல்லது அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

வீடு வாங்கவோ, கட்டவோ, பழுது பார்க்கவோ குறைந்தது 2 லட்சம் பிராங்க் போட வேண்டும்.

அந்த வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்து போகும் பங்களாவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

10 ஆண்டுகள் ஊரில் இருக்க வேண்டும். நடுவில் புறப்பட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆக, ஊர் கேட்டது பணக்காரரை அல்ல. அடுப்பு எரியும் வீட்டைக் கேட்டது. பிள்ளைகள் ஓடி விளையாடும் தெருவைக் கேட்டது.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? அதற்குக் காரணம் உண்டு.

சுவிட்சர்லாந்து மலைகளில் நகரத்துச் செல்வர்கள் வீடு வாங்குவார்கள். ஆண்டுக்குச் சில வாரம் வந்து தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டியே கிடக்கும். விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். உள்ளூர்த் தச்சனும், பால்காரனும், பள்ளி ஆசிரியரும் சொந்த ஊரிலேயே வீடு வாங்க முடியாமல் போவார்கள்.

இதைத் தடுக்க 2012-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி நாடு முழுவதும் ஓட்டு எடுத்தார்கள். 100-க்கு 50.6 பேர் ஆதரித்தார்கள். மயிரிழையில் வெற்றி! அதன்படி, ஓர் ஊரில் உள்ள குடியிருப்புகளில் 100-க்கு 20-க்கு மேல் விடுமுறை வீடுகள் இருந்தால், அங்கே புதிதாக விடுமுறை வீடு கட்ட அனுமதி கிடைக்காது. ஆனால் அதற்கு முன்பே இருந்த பழைய வீடுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் பழைய வீடுகளுக்குக் கிராக்கி கூடிவிட்டது.

வெளிநாட்டாருக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1983-ல் இயற்றியது. அங்கே குடியிராத வெளிநாட்டார், அனுமதி பெற்று, குறிப்பிட்ட உல்லாசத் தலங்களில் மட்டும்தான் விடுமுறை வீடு வாங்கலாம். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1,500 அனுமதிதான். பணம் இருந்தால் மட்டும் போதாது!

ஒரு வீட்டுக்குப் பல சொந்தக்காரர்கள்

வாலே மாநிலத்தில் பழைய வீடு வாங்குவதில் வேறு ஒரு சங்கடமும் உண்டு. அங்கே தகப்பன் சொத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். நிலம் மட்டும் அல்ல, வீடும் பங்காகும். மேல் தட்டு அண்ணனுக்கு, கீழ் தட்டு தம்பிக்கு என்று பிரியும். அடுத்த தலைமுறையில் அதுவும் பிரியும். இப்படி ஒரு சிறு வீட்டுக்கே பல சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் வேறு நாட்டில். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் முழு வீடும் கை மாறும்.

கிரயப் பத்திரத்தை அதிகாரம் பெற்ற நோட்டரி எழுதி முடிக்க வேண்டும். அதோடும் தீராது. அரசாங்க நிலப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் வாங்கியவர் உண்மையான சொந்தக்காரர் ஆகிறார்.

சிவப்பா, நீலமா?

மலையில் வீடு வாங்குகிறவர் பத்திரத்தைப் போலவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதுதான் ஆபத்து வரைபடம். பனிச்சரிவு எங்கே வரும், பாறை எங்கே உருளும், வெள்ளம் எங்கே பாயும் என்பதை நிறம் தீட்டிக் காட்டியிருப்பார்கள். சிவப்பு இடத்தில் புது வீடு கட்டக் கூடாது. நீல இடத்தில் நிபந்தனையோடு கட்டலாம். மஞ்சள் இடத்தில் ஆபத்து குறைவு.

இது வெறும் காகித எச்சரிக்கை அல்ல. அதே வாலே மாநிலத்தில் பிளாட்டன் என்ற கிராமம் இருந்தது. மக்கள் சுமார் 300 பேர். மேலே மலை உடைந்து பனிப்பாறை மீது விழத் தொடங்கியது. ஆபத்தை முன்பே கண்டுபிடித்து, 2025-ம் ஆண்டு மே மாதம் ஊரையே காலி செய்தார்கள். ஆடு மாடுகளையும் கொண்டு போனார்கள். மே 28-ந் தேதி பனிப்பாறை இடிந்து கீழே வந்தது. சில நொடிகளில் ஊரின் பெரும் பகுதி பனிக்கும் மண்ணுக்கும் அடியில் புதைந்தது. ஒருவர் உயிர் இழந்தார். முன்பே வெளியேறியதால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

வீடு போயிற்று, ஆனால் ஊரார் பிரியவில்லை. பக்கத்தில் மீண்டும் ஊரைக் கட்ட வேண்டும் என்று உறுதி எடுத்திருக்கிறார்கள்.

நிலத்தை ஊரே வாங்கியது

எல்லாக் கிராமமும் ஒரே வழியில் போகவில்லை.

கிழக்கே விரின் என்ற மலைக் கிராமம். அங்கே நிலத் தரகர்கள் வரும் முன்பே கிராமம் விழித்துக்கொண்டது. வீடு கட்டத் தகுந்த மனைகளை ஊரே வாங்கியது. பேராசை விலைக்கு இடம் இல்லாமல் செய்தது. கியோன் கமினாடா என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர், ஊருக்குப் பொருந்தும்படி மரத்தில் வீடுகளும் மாட்டுத் தொழுவங்களும் கட்டினார். 1998-ல் அந்த ஊருக்கு வாக்கர் பரிசு கிடைத்தது. பழமையைக் காத்து வாழும் ஊர்களுக்கு அந்த நாட்டில் கொடுக்கும் பெரிய பரிசு அது.

தெற்கே கொரிப்போ. கல் வீடுகள் நிறைந்த அழகான ஊர். ஆனால் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். 2020-ல் பக்கத்து ஊர்களோடு இணைந்து தனி ஊராட்சி என்ற பெயரையும் இழந்தது. காலி வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டு, 2022-ல் ஓட்டல் ஆக்கினார்கள். அந்த வீடுகளில்தான் ஓட்டலின் அறைகள்! ஊர் அழியவில்லை. ஆனால் அங்கே தூங்கி எழுகிறவர்களில் பெரும்பாலோர் விருந்தாளிகள்.

எது ஊர்?

மலையில் வீடு வாங்க ஆசைப்படுகிறவர்கள் காற்றையும் காட்சியையும் பார்க்கிறார்கள். அது தவறல்ல. ஆனால் குளிர்காலம் வரும். வாசலில் பனி குவியும். விறகு பிளக்க வேண்டும். மருந்து வாங்க மலை இறங்க வேண்டும். அப்போது கதவைத் தட்டி “சௌக்கியமா?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நாலு சுவரை விலைக்கு வாங்கலாம். அந்த ஆளை விலைக்கு வாங்க முடியாது. அதனால்தான் ஆல்பினன் மக்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 10 ஆண்டுகள் கேட்கிறார்கள்.