தலைக்கட்டுக் கணக்கில் ஒரு டெலிபோன் பில்

எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் வரி ஒன்றுதான். போன வருஷம் எங்கள் ஆபீசுக்கு வந்த கொட்டேஷன் அதைவிடக் கறார். போன், வீடியோ மீட்டிங் இரண்டும் சேர்த்து ஆளுக்கு மாதம் 900 ரூபாய்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தையல் ஹாலை விட்டுவிட்டால் ஆபீசில் 24 பேர். வருஷத்துக்கு 2,59,200 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 3,05,856. ஜிஎஸ்டியை ரிட்டர்னில் வரவு எடுத்துக்கொள்ளலாம்; பதிவு இல்லாத சின்னக் கடைக்கு அதுவும் செலவுதான். விற்க வந்த தம்பி, "இன்னைக்கே சைன் பண்ணுனா பத்து பர்சன்ட் கம்மி பண்ணித் தர்றேங்க மேடம்" என்றார். இன்னைக்கே என்று யாராவது சொன்னால் நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

முதலாளிக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவர் ஆறு வருஷம் தன் சொந்த செல்போனிலேயே வேலை பார்த்தார். பையர், டையிங், கூரியர்க்காரர் என்று எல்லோரிடமும் அவர் நம்பர்தான். அவர் வேலையை விட்டுப் போனபோது நம்பரும் கூடவே போய்விட்டது. கம்பெனி நம்பர் கம்பெனியிடம் இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னது நியாயம். அதற்கு 24 பேருக்கும் பணம் கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ரிசப்ஷனில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்தேன். எந்தக் கால் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னேன். நெருக்கடி பகல் 11 மணியிலிருந்து 12 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் 30 கால்கள், கால் ஒன்றுக்குச் சராசரி மூன்று நிமிஷம். ஆக மொத்தம் 90 நிமிஷப் பேச்சு. சராசரியாகப் பார்த்தால் ஒன்றரை லைன்.

ஆனால் கால்கள் வரிசையில் நின்று வருவதில்லை. மொத்தமாக வரும், பிறகு ஓய்ந்துவிடும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் இதற்கு 1917-லேயே ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகுக்கே அவர் பெயர்தான். எங்கள் ஒன்றரையை அதில் போட்டுப் பார்த்தேன். நான்கு லைன் இருந்தால் நூறு கால்களில் ஐந்துக்கு பிஸி டோன் கேட்கும். ஐந்தாவது லைனைச் சேர்த்தால் அது ஒன்றோ இரண்டோதான். நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு, கால்குலேட்டரில் ஐந்து நிமிஷ வேலை. மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் எங்கள் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியும் இதே கணக்குதான்: உள்ளே எத்தனை இண்டர்காம் இருந்தாலும் வெளியே போவது நாலைந்து லைன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்று சேனல் கணக்கில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்டால்தான் அந்த ரேட்டைச் சொல்வார்கள்.

வீடியோவுக்கு வேறு கணக்கு. ஜூமோ கூகுள் மீட்டோ, பணம் கட்ட வேண்டியவர் மீட்டிங் போடுகிறவர். லிங்க்கைத் தட்டி உள்ளே வருகிறவருக்குச் செலவில்லை. ஓசியிலும் போடலாம், ஜூம் 40 நிமிஷத்தில் துண்டித்துவிடும், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிஷம். ஐரோப்பியப் பையர்கள் எப்போதும் அவர்களே லிங்க் அனுப்புகிறார்கள். நாங்களாக மீட்டிங் போடுவது மாதம் பன்னிரண்டு தடவை, அதுவும் இரண்டே பேர். அப்படியென்றால் இரண்டு லைசென்ஸ். வீடியோ வந்தால் கூரியர் செலவு மிச்சம் என்று யாரும் நம்ப வேண்டாம். திரையில் தெரிகிற மெரூனை எந்தப் பையரும் ஒப்புக்கொள்ள மாட்டார். லேப் டிப், அதாவது சாயம் போட்ட துணி மாதிரி, கையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கொட்டேஷனில் இல்லாத செலவுகளைத் தேடித்தான் எடுத்தேன். வருஷ ஒப்பந்தம் மலிவுதான், ஆனால் நடுவில் மூன்று பேர் நின்றாலும் வருஷம் முடியும்வரை அவர்களுக்கும் கட்ட வேண்டும். டாலரில் பில் வந்தால் கார்டுக்காரர்கள் அந்நியச் செலாவணிக்கு என்று தனியாகப் பிடிப்பார்கள். தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அது முதலாளி செல்லுக்குப் போகும், அவர் விமானத்தில் இருப்பார். எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது லேண்ட்லைன். செல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம். நம் நாட்டில் லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. போர்டிலும் பில் புத்தகத்திலும் அச்சாகியிருக்கும் 0421 நம்பரை விட மனசில்லாமல் அதற்குத் தனி வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் அடிக்கும். இன்டர்நெட்டில் ஓடும் புதுசுக்கு ரவுட்டர் உயிரோடு இருக்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரியையும் கணக்கில் எழுதினேன்.

ஐந்து சேனல், இரண்டு லைசென்ஸ், யுபிஎஸ் எல்லாம் சேர்ந்து 80 ஆயிரத்தைத் தாண்டவில்லை. தாளை முதலாளியிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிங்க. இந்த ரெண்டு லைசென்ஸ்ல ஒண்ணு எனக்குத்தானுங்களே?"

"இல்லீங்க சார். ஒண்ணு ஷிப்பிங்குக்கு, ஒண்ணு புது மெர்ச்சண்டைசருக்கு. நீங்க ஒரு தடவைகூட மீட்டிங் போடலீங்களே."

நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.