உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இன்று மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். நம் பாட்டிமார் காலத்தில் அது வீட்டையே கலங்கடிக்கும் சேதி. டாக்டர் பல மைலுக்கு அப்பால் இருப்பார். வண்டி கட்டிக்கொண்டு போனாலும் அவரைப் பார்க்க முடியும் என்பது நிச்சயமில்லை. "சீர் தட்டியிருக்கிறது" என்பார் ஒருவர். "தொக்கம் விழுந்திருக்கிறது" என்பார் இன்னொருவர். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பார்கள். வேப்பிலை அடிப்பார்கள். உச்சிக்குழி உள்வாங்கினால் அதில் எண்ணெய் வைப்பார்கள். தாயோ விளக்கைத் தூண்டிவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, விடிய விடிய விழித்திருப்பாள்.

அந்தப் பெண்கள் கண்ட அடையாளங்கள் யாவும் சரியானவையே. குழி விழுந்த கண், வறண்ட நாக்கு, உள்வாங்கிய உச்சி, கண்ணீர் வராத அழுகை ஆகியவை உடலில் நீர் வற்றியதன் அறிகுறிகள் என்றுதான் இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அன்று தவறியது ஒரே இடத்தில். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று அஞ்சி, தாகத்தால் தவித்த பிள்ளைக்குப் பலர் தண்ணீரை மறுத்தார்கள். பாட்டிமாரை மட்டும் இதற்குக் குறை சொல்ல இயலாது. குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிப் படித்த டாக்டர்களும் நெடுங்காலம் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்லி வந்தனர்.

கல்கத்தாவில் கிடைத்த விடை

வயிற்றுப்போக்கு நோய்களில் மிகக் கொடியது காலரா. கல்கத்தாவுக்கு வந்த ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக், 1884-ல் அக்கிருமியே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். ஆனால் கிருமி எப்படி உயிரைப் பறிக்கிறது என்பது விளங்கவில்லை. அதற்கு விடை கண்டவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்புநாத் தே. கிருமி வெளியிடும் ஒரு நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பதை அவர் 1959-ல் மெய்ப்பித்தார்.

அப்படியானால் இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்துகொண்டே வந்தால் நோயாளி பிழைப்பார். நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அதற்குத் தூய்மையான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், பழகிய கை வேண்டும். நீர் வற்றிய பச்சிளங் குழந்தைக்கு நரம்பு கிடைப்பதே அரிது.

உப்பு நீரை மட்டும் குடிக்கக் கொடுத்தால் நோயுற்ற குடல் ஏற்பதில்லை. அதில் உரிய அளவு சர்க்கரை சேர்ந்தால், சர்க்கரை தன்னோடு உப்பையும் உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னாலேயே நீரும் செல்கிறது. 1960-களில் இது தெளிவாயிற்று. 1968-ல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு இந்த நீரைக் குடிக்கக் கொடுத்து வெற்றி கண்டனர். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே, டாக்டரின் கண் படாத இடத்தில் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் நீங்கவில்லை.

போங்காவ் ஆஸ்பத்திரி

அந்தத் தயக்கத்தை உடைத்தது 1971. வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர ஊரான போங்காவில் இரண்டு அறைகளில் 16 கட்டில்களே இருந்தன. மற்ற நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் நீரின் கையிருப்பு தீர்ந்து வந்தது.

அங்கே பொறுப்பேற்றிருந்த டாக்டர் திலீப் மகலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தனர். நோயாளிக்குப் புகட்டியவர்கள் நர்சுகள் அல்லர். தாய்மாரும் உடன்வந்த உறவினரும்தான். செலவு லிட்டருக்கு 11 பைசா.

எட்டு வாரங்களில் 3,700-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுவந்த அந்த நோயில், மாண்டவர் விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என 1978-ல் 'லான்செட்' மருத்துவ ஏடு கருத்துத் தெரிவித்தது. டாக்டர் மகலநாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

வங்கதேசத்தில் 1980 முதல் பத்தாண்டுகளில், 'பிராக்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தனர். கேட்ட தாய் அதை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்த பிறகே அவர்களது ஊதியம் கணக்கிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நாம் செய்ய வேண்டியது

ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடித்தனம் நடத்தும் இளம் தம்பதிகளுக்குப் பக்கத்தில் பாட்டி இல்லை. பிள்ளையின் நோயை டாக்டரிடம் பிறமொழியில் சொல்லவேண்டிய சங்கடமும் உண்டு. ஆனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த மாநிலத்திலும் ஒன்றே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமைந்த ஒரு லிட்டர் பொட்டலத்தை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் முழுமையாகக் கலக்க வேண்டும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு ஸ்பூனால் சிறிது சிறிதாகப் புகட்டுவது நல்லது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தரலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டியதில்லை.

பொட்டலம் கிடைக்காத வேளையில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் ஆபத்து.

இனிப்புப் பானங்கள் சில 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைச் சேர்த்து விற்கப்பட்டு வந்தன. அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தவே செய்யும். எனவே வாங்குமுன் உறையைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டாலோ, சிறுநீர் நின்றாலோ தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும் வழியிலும், குடிக்கும் நிலையில் குழந்தை இருந்தால், இந்த நீரைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள். டாக்டர் வரும்வரை கைபிசைந்து காத்திருந்த காலம் போய்விட்டது. முதல் சிகிச்சை இன்று தாயின் கையிலேயே இருக்கிறது.